மிதவைக் கம்பியில் ஒரு வளைவு

என் அக்கா புருஷனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வண்டி ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீட்டு அடுக்களை வரைக்கும் அவருக்கு ஒரே பெயர்தான்: ரிசர்வ்.

எதையும் கடைசிச் சொட்டு வரைக்கும் இழுத்துப் பார்ப்பது அவர் சுபாவம். பற்பசை தீர்ந்தால் டியூபைக் கத்தரிக்கோலால் வெட்டி உள்பக்கத்தை வழிப்பார். சோப்பு மெலிந்து மெலிந்து தண்ணீரோடு போகும்வரை புதுசைப் பிரிக்க மாட்டார். கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டால் சட்டையைக் கழற்றிக் கொடுக்கிற ஆள். 'இன்னும் கொஞ்சம் இருக்கு' என்று சொல்வதில் அவருக்கு ஒரு சுகம், அவ்வளவுதான். நேரத்துக்கும் அதே கதிதான். என் கல்யாணத்துக்குப் போட்டோக்காரர் கேமராவை உறையில் போடும்போது வந்து சேர்ந்தார். ஆல்பத்தின் கடைசிப் படத்தில் ஒரு தோளும் அரைச் சிரிப்பும் தெரியும். அதுதான் என் அத்தான்.

இப்படிப்பட்ட மனிதரை நம்பித்தான் சிறுநீரகம் பழுதான நோயாளிகள் வாரத்தில் பாதி நாள் வீட்டு வாசலில் காத்திருக்கிறார்கள். அவருடைய பழைய டீசல் வேன் அவர்களை அள்ளிக்கொண்டு டயாலிசிஸ் மையத்துக்குப் போகும், ரத்தம் சுத்திகரித்து முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடும். இதில் மட்டும் அத்தானைக் குறை சொல்ல முடியாது. அந்த வழியில் இருக்கிற தையல்காரம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கும், படி ஏற முடியாது. அவருக்கென்று ஒரு முக்காலி செய்து பின்கதவோரம் கட்டி வைத்திருக்கிறார். யாருக்கு ஜன்னலோரம், யாருக்குக் காற்று ஆகாது, யாரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது, எல்லாம் அவருக்கு அத்துப்படி.

நான் வண்டிகளுக்கு மின்சார வேலை பார்ப்பவன். அப்பா விட்டுப்போன பட்டறையின் முன்பாதி எனக்கு, பின்பாதி அக்காவுக்கு. அவள் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறாள். கையால் சுற்றும் யந்திரம் ஒன்று வைத்திருக்கிறாள். ஒவ்வொரு சுற்றுக்கும் அது 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் அந்த டிக் டிக் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்குப் பொறுமை குறைவு என்று ஊரே சொல்கிறது. இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒருவன் வேலை செய்கிறான் என்றால் அவனுக்கு எவ்வளவு பொறுமை இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் யோசிப்பதில்லை.

அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த நேரம், வேன் பட்டறை வாசலில் வந்து நின்றது. அத்தான் இறங்கிய விதமே சரியில்லை. வழக்கமாக இறங்கும்போதே என்னை ஒரு கிண்டல் செய்வார். அன்றைக்குக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"மச்சான், டீசல் முள்ளு பொய் சொல்லுது. என்னன்னு பாரு."

"அது முள்ளுதான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க, அப்புறம் நான் எதுக்கு?" என்றேன். வியாதியின் பெயரையும் மருந்தின் பெயரையும் தாங்களே சொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

அவர் திருப்பிச் சிரிக்கவில்லை. முந்தின நாள் காலையில் நடந்ததைச் சொன்னார்.

நோயாளிகளோடு போகும்போது முள் சிவப்பைத் தொட்டிருக்கிறது. சிவப்பைத் தொட்டாலும் ஒரு நடை தாராளமாகப் போய்வரலாம் என்பது அவர் வருஷக்கணக்காகக் கண்ட கணக்கு. அந்த நம்பிக்கையில் போயிருக்கிறார். பாலத்தின் மேல், ஒதுங்க ஒரு நிழல்கூட இல்லாத இடத்தில், வேன் இருமிவிட்டு நின்றுவிட்டது. கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி டீசல் வாங்கி வந்து ஊற்றினால் மட்டும் போதாது. டீசல் வண்டி வறண்டு நின்றால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அதைக் கைப்பம்பால் அடித்து அடித்து வெளியேற்ற வேண்டும். மையத்துக்குப் போய்ச் சேரும்போது யந்திரங்களில் வேறு ஆட்களைப் படுக்க வைத்துவிட்டார்கள். தையல்காரம்மா மூச்சு வாங்கியபடி பொழுது சாயும்வரை பெஞ்சில் காத்திருந்திருக்கிறார்.

"அந்தம்மா ஒரு வார்த்தை திட்டல மச்சான். திட்டியிருந்தாத் தேவலை."

மையத்து மேலாளரம்மா மட்டும் திட்டவேண்டிய அளவுக்குத் திட்டிவிட்டு ஒரு கெடு வைத்திருக்கிறார். "மீட்டர் கோளாறுன்னா சரி பண்ணிட்டு வாங்க. உங்க கோளாறுன்னா நான் வேற வண்டி பாத்துக்கிறேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எதுன்னு சொல்லுங்க." அந்தச் சாயங்காலத்துக்கு இன்னும் சில மணி நேரம்தான் இருந்தது.

"கோளாறு முள்ளுலதான் இருக்கணும். வேற எதுலயும் இருக்க முடியாது. பாப்பாவுக்கு ஜுரம் வந்து நடுரோட்டுல நின்னோமே, அதுக்கப்புறம் ஒரு நாள்கூட நான் வண்டியை வறள விட்டதில்ல. அன்னிக்கே திருந்திட்டேன். உனக்கே தெரியும்."

எனக்குத் தெரியும், அந்தக் கதை குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஜுரம் நெருப்பாகக் கொதித்த ஒரு நாள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இதே வேன் டீசல் இல்லாமல் நின்றது. அக்கா குழந்தையோடு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். குழந்தை பிழைத்து வளர்ந்து இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறது, அப்பாவுக்கே புத்தி சொல்கிறது. அத்தான் வாழ்க்கையில் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் ஒன்றே ஒன்றுதான். அந்த நாளோடு அவர் திருந்தினார் என்பதுதான் அது. மற்றபடி ரிசர்வ் என்று யார் கூப்பிட்டாலும் சிரிப்பார். 'பேருதான் ரிசர்வ், வண்டி நின்னதில்ல' என்பார்.

சரி என்று எழுந்தேன். பின்னால் டிக் டிக் ஓடிக்கொண்டிருந்தது.

டீசல் முள் தப்பாகக் காட்டினால் குற்றவாளிகள் நாலைந்து பேருக்கு மேல் கிடையாது. முன்னால் இருக்கிற மீட்டர், அதற்குப் போகிற வயர், எர்த் கம்பி, டேங்குக்குள் தொங்குகிற யூனிட். ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்ற வேண்டும். பாதிப் பேர் முதலிலேயே மீட்டரைப் பிடுங்கிப் புதுசு மாட்டிவிட்டுக் கோளாறு அப்படியே இருப்பதைப் பார்த்து விழிப்பார்கள். நான் அந்த ரகம் இல்லை.

நடு சீட்டைக் கழற்றினேன். விரிப்பைத் தூக்கினால் கீழே ஒரு வட்ட மூடி. அதைத் திறந்ததும் டீசல் நெடி மூக்கில் ஏறியது. யூனிட்டின் தலையில் இருந்த வயரைப் பிடுங்கினேன்.

"அத்தான், சாவி போடுங்க. முள்ளு எங்க இருக்கு?"

"கீழ விழுந்துடுச்சு."

வயரின் நுனியை வண்டியின் உடம்பில் தொட வைத்தேன்.

"இப்ப?"

"ஏறுது... நிறைஞ்சு போய் நிக்குது."

ஆக, மீட்டரும் வயரும் நிரபராதிகள். எர்த்தை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். துருவில்லை, தளர்வில்லை, சொக்கத்தங்கம். மிச்சம் இருந்தது யூனிட். திருகுகளைக் கழற்றி அதை மெதுவாக வெளியே உருவினேன். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. ஒரு தகடு, அதில் ஒரு நீளக் கம்பி, கம்பி நுனியில் ஒரு மிதவை. டீசல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். அதற்கு ஏற்ப முன்னால் முள் ஆடும். வயரை மறுபடி மாட்டிவிட்டு மிதவையைக் கையால் மெல்லத் தூக்கினேன்.

"ஏறுதா?"

"ஏறுது."

"எங்கயாவது துள்ளுதா, திக்குதா?"

"இல்ல, வழவழன்னு போகுது."

கீழே விட்டேன். முள்ளும் ஒழுங்காகக் கீழே வந்தது. டேங்குக்குள் ஒரு கம்பை விட்டு டீசல் மட்டத்தை அளந்து, முள் காட்டியதோடு ஒப்பிட்டேன். அச்சு அசலாகப் பொருந்தியது. எனக்கு எரிச்சல் வந்தது. கோளாறு உள்ள வண்டியைக்கூடச் சமாளித்துவிடலாம். கோளாறே இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"அத்தான், முள்ளு சரியாத்தான் காட்டுது."

"இன்னொரு தடவ பாரு."

அந்தக் குரலுக்காகத்தான் இன்னொரு தடவை பார்த்தேன். யூனிட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. மிதவைக் கம்பியின் நடுவில் ஓரிடத்தில் பூச்சு உரிந்து, யாரோ அழுத்திப் பிடித்து நிமிர்த்திய தடம். அது புதுசு, வெள்ளையாக மின்னியது. அதற்கு அடியில், கறுத்துப்போய், இன்னொரு பழைய பல்தடம்.

"சமீபத்துல டேங்குல யாராவது கை வச்சாங்களா?"

"போன வாரம் டேங்க்ல சேறு தட்டுதுன்னு கழுவக் குடுத்தேன்."

கழுவிய மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். அவர் நல்ல மனிதர். குரலிலேயே உபகாரம் தெரிந்தது. "ஆமா அண்ணே, மிதவைக் கம்பி மேல் பக்கமா வளைஞ்சு கிடந்துச்சு. அதான் நேரா நிமித்தி விட்டேன். சொல்ல மறந்துட்டேன். ஏன், ஏதும் பிரச்சினையா?"

ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கம்பி மேல்நோக்கி வளைந்திருந்தால் டேங்கில் கால்வாசி டீசல் இருக்கும்போதே முள் சிவப்பைத் தொட்டுவிடும். அத்தான் சிவப்பைப் பார்த்த பிறகும் ஒரு நடை நிம்மதியாகப் போய்வந்த ரகசியம் அதுதான். இத்தனை வருஷமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்த முள், போன வாரம்தான் முதல் தடவையாக உண்மையைச் சொன்னது. அவர் அதைப் பொய் என்று நினைத்து ஓட்டினார். வண்டி நின்றது. டேங்கை ஒரு நாளாவது நிரப்பியிருந்தால் முள் முழுதாக ஏறாததைக் கவனித்திருப்பார். அவர்தான் எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறவர் ஆயிற்றே.

சரி, முதலில் வளைத்தது யார்? டேங்குக்குள் தொங்குகிற கம்பி தானாக வளையாது. பழைய தடத்தை உற்றுப் பார்த்தேன். ஒல்லி மூக்குப் பிளையரின் பற்கள். வரிசையாகப் போகிற கோடுகளில் நடுவே ஓரிடம் மொட்டை. அந்த மொட்டையை நான் தினமும் பார்க்கிறேன். மின்சாரம் ஓடுகிற வயரை ஒருமுறை கடித்துப் பல் உருகிப்போன நோஸ் பிளையர் ஒன்று எங்கள் பட்டறையில் உண்டு. அதை வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

அப்போதுதான் கவனித்தேன். பின்னால் டிக் டிக் நின்று போயிருந்தது.

"நான்தான் வளைச்சேன்," என்றாள் அக்கா. காயிலைக் கையிலிருந்து இறக்கி வைக்கவில்லை. "அவனைப் போட்டுக் குடையாதீங்க. முள்ளுலயும் தப்பில்ல, வயர்லயும் தப்பில்ல."

அத்தான் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு வண்டியை விட்டு இறங்கி வந்தார்.

"எப்ப?"

"பாப்பா ஜுரம் இறங்கின அடுத்த வாரம். நீங்க தூங்கினப்போ இந்த மூடியைத் திறந்தேன். அப்பாகிட்ட வேலை கத்துக்கிட்டது நானும்தானே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லாமலா இருந்தேன்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொன்னேன். சண்டை போட்டுச் சொன்னேன், அழுது சொன்னேன். அன்னிக்கு நெருப்பா கொதிக்கிற புள்ளையை மடியில போட்டுக்கிட்டு ரோட்டுல உக்காந்திருந்தேன். நீங்க கேனை ஆட்டிக்கிட்டே வந்தீங்க. சிரிச்சுக்கிட்டு வந்தீங்க. 'பக்கத்துலயே பங்க் இருந்துச்சு, பாத்தியா நம்ம அதிர்ஷ்டத்தை'ன்னீங்க. அந்தச் சிரிப்பைப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு. உங்களை வளைக்க முடியாது. அதான் கம்பியை வளைச்சேன்."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேனே தவிர, அதற்கு எதிராக ஒரு பிளையரை எடுத்தவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிக்க வேண்டிய விஷயம்தான். அத்தான் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

அவர் அந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தையல்காரம்மாவின் முக்காலி.

"அப்ப நான் திருந்தவே இல்ல," என்றார். "எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன். பாப்பாகிட்டயே சொல்லியிருக்கேன், உனக்காக அப்பா இந்த ஒரு விஷயத்துல திருந்திட்டேன்னு. அதுவும் நான் இல்ல, உன் பிளையரு."

ஒரு மனிதனுக்குத் தன்னிடம் பிடித்தது ஒன்றே ஒன்று இருந்து, அதையும் அவன் கண் முன்னால் நான் திருகைக் கழற்றிக் கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

அக்கா எழுந்து வந்தாள். கையில் செம்புக் கம்பியின் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"முழுசா அப்படிச் சொல்லாதீங்க. அதுக்கு முன்னாடி நீங்க சிவப்பைக் கண்டு பயந்ததே கிடையாது, வண்டி நிக்கிற வரைக்கும் ஓட்டுவீங்க. அதுக்கப்புறம் ஒரு நடையோட நிறுத்திட்டு பங்குக்குப் போனீங்க. அந்த ஒரு நடையைத் தாண்டினதே இல்ல. தாண்டியிருந்தா என் வளைவும் காப்பாத்தியிருக்காது. பாதி நான், பாதி நீங்க."

வெளியே வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. மேலாளரம்மாவுக்குச் சொல்ல வேண்டிய நேரம் நெருங்கியது. நான்தான் ஆரம்பித்தேன்.

"அத்தான், மீட்டர் கோளாறுன்னு சொல்லிடுங்க. யூனிட் கம்பியில கோளாறு, சரி பண்ணியாச்சுன்னு. முழுப் பொய்யும் இல்ல. நானே பேசறேன் வேணும்னா."

"வேணாம்," என்றார். போனை எடுத்து, எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, வேன் டிரைவர் பேசறேன். முள்ளு சரியாத்தான் காட்டியிருக்கு. நான்தான் அதை நம்பல. தப்பு என்னோடது."

அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மீட்டர் கோளாறுன்னுதான் சொல்வீங்கன்னு நெனச்சேன்," என்றார் மேலாளரம்மா. "எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. வேற வண்டிக்காரர்கிட்டயும் பேசி வச்சிருந்தேன்." ஏதோ தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "தையல்காரம்மா காலையிலயே போன் பண்ணி, அவர் வண்டி இல்லன்னா நான் வரமாட்டேன்னு அடம்பிடிக்கிறாங்க. வேற வண்டியில ஏற முக்காலி இருக்காதாம். நாளைக்கு வாங்க. ஆனா ஒண்ணு, இன்னொரு தடவ நடுவழியில நின்னா நானும் கேக்க மாட்டேன், நீங்களும் சொல்ல வேணாம்."

"நிக்காதும்மா," என்றார் அத்தான். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நிக்காதுன்னு சொல்லிட்டேனே மச்சான். என்னை நம்பி எப்படிச் சொன்னேன்?"

"இதென்ன பெரிய வித்தையா? டேங்கை நிரப்பி வையுங்க. முள்ளையே பாக்க வேணாம்."

"நிரப்பினா நிம்மதியா இருப்பேன். நிம்மதியா இருந்தா மறந்துடுவேன். என்னை எனக்கே இப்பத்தான் தெரியுது." யூனிட்டைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினார். "பழையபடி வளைச்சு வச்சுடு."

"வளைச்சு என்ன பிரயோஜனம்? இப்பத்தான் உங்களுக்கு விஷயம் தெரிஞ்சு போச்சே. சிவப்பைத் தொட்டாலும் கால்வாசி இருக்குன்னு கணக்குப் போட்டு ஓட்டுவீங்க. பத்து நிமிஷம் வேகமா ஓடற கடிகாரத்தைப் பாத்துப் பத்து நிமிஷம் கூடத் தூங்கறவன் மாதிரி."

அவர் யோசித்தார். அவர் இவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை. பிறகு யூனிட்டை என் கையிலிருந்து திரும்ப வாங்கி அக்காவிடம் கொடுத்தார்.

"நீயே வளை. எவ்வளவுன்னு என்கிட்ட சொல்லாத. முன்ன மாதிரியும் வேணாம், உன் இஷ்டம். நான் கேட்டாலும் சொல்லாத."

அக்கா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு யூனிட்டை வாங்கிக்கொண்டு தன் பெஞ்சுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். யாரும் சொல்லாமலே அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரில் ஒரு பழைய வயரிங் படம்தான் இருந்தது. அதைப் பரீட்சைக்குப் படிப்பவர் மாதிரி பார்த்தார்.

"நிறையவா, கொஞ்சமா?" என்றார் சுவரைப் பார்த்தபடியே.

"வாயை மூடிக்கிட்டு நில்லுங்க."

பிளையர் கம்பியைக் கடிக்கிற சத்தம் ஒருமுறை கேட்டது. அதோடு முடிந்ததா, இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் திரும்பி வந்து யூனிட்டை ஒரு துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். என் கையில் மல்டிமீட்டர் இருந்தது. யூனிட்டை டேங்குக்குள் இறக்கிவிட்டு ரெண்டு முனையையும் வைத்தால் எவ்வளவு வளைத்தாள் என்று கணக்குச் சொல்லிவிடும். தொழில்காரனுக்கு அந்த ஆசை வராமல் இருக்காது. மீட்டரை அணைத்துப் பெட்டிக்குள் போட்டேன். துணியை விலக்காமலே யூனிட்டை டேங்குக்குள் இறக்கி, கடைசியில் துணியை உருவினேன். திருகுகளை இறுக்கி, வயரை மாட்டி, மூடியைப் போட்டுச் சீட்டை மாட்டினேன்.

அத்தான் ஏறி உட்கார்ந்து சாவி போட்டார். நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். முள் தயங்கித் தயங்கி ஏறி, சிவப்புக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அவர் முகத்தில் பழைய அரைச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"இன்னும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

பட்டறையின் பின்பாதியில் டிக் டிக் மறுபடி தொடங்கியிருந்தது. அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. கண்ணாடியில் பின்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்பி நேராக டீசல் பங்குக்குப் போனார்.